படியிறங்கிக் கூப்பிட வேண்டிய பெயர்

செங்கல்பட்டு,
12.11.2025

அன்பு மகன் ஏகாம்பரத்துக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அம்சாவும் மாப்பிள்ளை ரமேஷும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் சகுந்தலாவும் பேரன் ரோஹித்தும் சௌக்கியம் என்று வீடியோவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உறையின் மேல் சொந்தக் கடிதம் என்று எழுதியிருக்கிறேன். உன் ஆபீஸில் யாராவது பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, நீ மைக் வைத்து ஊருக்கே சொன்னதற்கு மேல் இதில் என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது. எண்பத்து நாலு வயதுக் கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், அம்சாவை எழுதச் சொல்லியிருக்கலாம், ஆனால் இது நானே எழுத வேண்டிய கடிதம். இங்கே நல்ல மழை, கொளவாய் ஏரி தளும்பி நிற்கிறது. அம்சாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறினால் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிடுகிறாள். மாப்பிள்ளை வேன் வாடகைக்குச் செய்யூர் பக்கம் போனவர் வேர்க்கடலை வாங்கி வந்தார், வறுத்து உனக்கென்று ஒரு டப்பா எடுத்துவைத்திருக்கிறாள். உன்மேல் கோபமாக இருக்கிறாள், கடலையை மட்டும் எடுத்துவைத்திருக்கிறாள், உன் தங்கையின் கோபம் உனக்குத் தெரியாததா.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் நீ சென்னைக்கு வந்து சட்ட மாணவர்கள் விழாவில் பேசினாயே, அதை எனக்குக் காட்டியது நம் கோர்ட்டில் அமீனாவாக இருந்த சீனு. டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன், ஓடி வந்தான், இன்னா தர்மராஜு இங்க குந்திகினு கீற, உன் புள்ள உன் கதையத்தான் சொல்லிகினு கீறாரு பாரு என்று ஃபோனை நீட்டினான். சென்னைக்கு வந்தவன் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அப்பனைப் பார்க்காமல் அன்று சாயங்காலமே விமானம் ஏறிவிட்டான் என்ற வருத்தத்தைக்கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டேன். நீ என் பித்தளை வில்லையைக் கையில் தூக்கிக் காட்டினாய். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக என் மார்பில் சிவப்புப் பட்டையின் மேல் கிடந்த வில்லை. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற ஒரு டவாலியின் மகன் நான் என்றாய், மண்டபமே கைதட்டியது, டீக்கடையில் இருந்தவர்களும் தட்டினார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் அந்தக் கதையை எடுத்தாய். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் என் தந்தையார் ஒரு பெரிய வக்கீலின் மிரட்டலுக்குப் பயந்து, ஒரு ஏழை மீனவப் பெண்ணின் பெயரை மூன்றாவது தடவை கூப்பிடாமல் விட்டார், வழக்கு அவளுக்கு எதிராகத் தீர்ந்தது, அந்தத் தாய் அந்த ஏக்கத்திலேயே இறந்துபோனாள், அன்றைக்குத்தான் நான் நீதிபதியாக வேண்டும் என்று முடிவு செய்தேன் என்றாய். மறுபடியும் கைதட்டல். டீக்கடையில் இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. சீனு ஃபோனை மெதுவாக இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏகா, அந்தக் கதையை நான் யாரிடம் சொன்னேன்? உன் அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். அம்சாவிடம் சொல்லவில்லை. போன வருஷம் மாசி மாதம், சுப்ரீம் கோர்ட்டில் நீ பதவி ஏற்கப் போகிறாய் என்று ஆர்டர் வந்த வாரம், என் காலில் விழுந்து எழுந்தாய் அல்லவா, அன்றைக்கு உன்னைச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கூட வந்த போலீஸ்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த உடைந்த மதில் பக்கம் கடலைப் பார்க்க உட்கார்ந்து உன் ஒருவனிடம் சொன்னேன். இவ்வளவு பெரிய நாற்காலியில் உட்காரப் போகிறவன் தன் அப்பன் யார் என்று தெரிந்துகொண்டு உட்காரட்டும் என்றுதான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, விடு நைனா, பழைய கதை, இது என்னோட இருக்கட்டும் என்றாய். உன்னோடு ஒன்றரை வருஷம்தான் இருந்தது. மேடையில் நைனா என்ற சொல்கூட உன் வாயில் வரவில்லை, தந்தையாராம்.

சரி, சொன்னதுதான் சொன்னாய், உள்ளதையாவது சொன்னாயா? ரோஹித்துக்கு விவரம் தெரியாது, அவனும் படிக்கட்டும், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, ஆவணி மாதம். நீ சட்டம் படித்து முடித்துக் கோட்டு தைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எந்த ஆபீஸிலும் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். டவாலி பிள்ளையை யார் ஜூனியராகச் சேர்ப்பார்கள்? அன்று காலை கோர்ட்டு வாசலில் வக்கீல் கோபாலகிருஷ்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். மிரட்டவே இல்லை ஏகா, சிரித்தார். என்ன தர்மராஜ், பையன் சும்மா இருக்கானாமே, திங்கட்கிழமை ஆபீசுக்கு அனுப்பு என்றார். எனக்குக் காலில் விழலாம் போல இருந்தது. இரண்டு அடி போனவர் திரும்பி, இன்னைக்கு அந்தச் சதுரங்கப்பட்டினம் கேஸுக்கு ரொம்பத் தொண்டை கிழிய வேணாம் என்றார். அவ்வளவுதான். சவுக்குத் தோப்புக்காரர் ஒருவருக்கு அவர் வக்கீல், மீன்பிடிக்கிற ஒரு குடும்பம் குடியிருந்த மனை தன்னுடையது என்று தோப்புக்காரர் போட்ட வழக்கு. மனை பட்டா அந்தக் குடும்பத்தில் இறந்துபோன மூத்தவன் பெயரில் இருந்ததால் அவன் பெண்சாதி அஞ்சலாட்சி மேல் வழக்கு. இருபத்தைந்து வயது, இடுப்பில் பெண் குழந்தை. கொழுந்தன்மார் இரண்டு பேரும் அதே மனையில் குடியிருந்தார்கள், கடலுக்குப் போக வேண்டும் என்று இவளைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். இவள் வக்கீல் அன்றைக்கு மதுராந்தகம் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார்.

டவாலி கூப்பிடுகிற முறை உனக்குத் தெரியும், உன்னை அடுத்து வந்த ஜட்ஜுகளுக்குத் தெரியுமோ என்னவோ. முதல் தடவை ஹால் வாசலில். இரண்டாவது தாழ்வாரத்தில். மூன்றாவது தடவை நான் மட்டும் படியிறங்கிப் புளியமரத்தடி வரைக்கும் போய்க் கூப்பிடுவேன், ஏனென்றால் கிராமத்து ஜனம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், உள்ளே வரப் பயப்படும். படியிறங்குகிற டவாலி என்று என்னைக் கேலிகூடச் செய்வார்கள். அன்றைக்கு வாசலில் கூப்பிட்டேன், தாழ்வாரத்தில் கூப்பிட்டேன், படிக்கு வந்து நின்றேன், இறங்கவில்லை. உள்ளே போய், கட்சி ஆஜரில்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, அவள் வரவில்லை என்று தோப்புக்காரர் பக்கமே தீர்ப்பு. ஒரு மாதம் கழித்து அவள், நான் கோர்ட்டுலதான் இருந்தேன், என்னைக் கூப்பிடவே இல்லை என்று மனு போட்டாள். ஜட்ஜ் என்னைப் பார்த்து, ஏம்ப்பா கூப்பிட்டியா என்றார். மூணு தடவை கூப்பிட்டேன் ஐயா என்றேன். மனு தள்ளுபடி. அப்போது நீ கோபாலகிருஷ்ணன் ஆபீஸில் சேர்ந்து நாலு வாரம் ஆகியிருந்தது.

இதில் எதை மேடையில் சொன்னாய், எதை விட்டாய் என்று நீயே பார்த்துக்கொள். நான் பயந்து செய்தேன் என்றாய், நான் ஆசைப்பட்டுச் செய்தேன், அதையும் கோட்டை மதிலில் உன்னிடம் சொன்னேன். உனக்கு இடம் கிடைத்ததை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாய். அன்றைக்கே முடிவு செய்தேன் என்றாய், அன்றைக்கு உனக்கு இந்த விஷயமே தெரியாது, கோட்டு தைத்ததில் பித்தான் சரியில்லை என்று உன் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். மீதிப் பேச்சை அப்புறம் வீட்டில் அம்சா ஃபோனில் பார்த்தேன், பத்து நிமிஷம் கழித்து, என்னைத் தூக்கிவிட்ட குரு அமரர் கோபாலகிருஷ்ணன் அவர்கள் என்று கைகூப்பினாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிரட்டிய பெரிய வக்கீல் யார், உன் குரு யார்? ஒரே ஆளை ஒரே மேடையில் இரண்டாகப் பிரித்து, ஒருவரைத் திட்டினாய், ஒருவரைக் கும்பிட்டாய், இரண்டுக்கும் கைதட்டு வாங்கினாய். பதினோரு வருஷம் அவர் ஆபீஸ், அப்புறம் அரசு வக்கீல், அப்புறம் ஹைகோர்ட் ஜட்ஜ், வெளி மாநிலத்தில் சீஃப் ஜஸ்டிஸ், இப்போது டெல்லி. உன் முதல் கேஸில் உன் கட்சிக்காரன் பெயரை நான்தான் கூப்பிட்டேன், சந்தோஷத்தில் தொண்டை கம்மி மூன்று தடவையும் சரியாக வரவில்லை, உனக்கு ஞாபகம் இருக்காது. நீ ஏறிய ஒவ்வொரு படிக்கும் இந்த ஊரில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். மூட்டை தூக்கியவன்போல் உள்ளே அதையும் தூக்கிக்கொண்டுதான் கொடுத்தேன். நீ என்னடா என்றால் மூட்டையைப் பிரித்து என் பங்கு அழுக்கை மட்டும் வெளியே காயப்போட்டு, உன் பங்கை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாய். பெற்ற பிள்ளை செய்கிற காரியமா இது?

இதற்கு மேல்தான் விஷயம் இருக்கிறது. தீபாவளி முடிந்த வாரம், காலை பத்து மணி இருக்கும், வாசலில் இரண்டு பெண்கள். அம்சா கதவைத் திறந்தாள். வயதான அம்மா உள்ளே வந்து, நான் சொல்லாமலே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னா பெரியவரே, செத்துப்போனவ வந்துகீறேன், நல்லா பாத்துக்கோ என்றார். அஞ்சலாட்சிதான். சாகவில்லை ஏகா, கல்லு மாதிரி இருக்கிறார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் நர்ஸ் வேலை பார்க்கிற அவர் மகள் திவ்யா உன் வீடியோவைப் பார்த்து, இது நம்ம கதையாச்சே என்று காட்டியிருக்கிறாள். எப்படி உனக்கு அவரைச் சாகடிக்க மனசு வந்தது? அவர் இருக்கிறாரா இல்லையா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சதுரங்கப்பட்டினத்தில் யாரையாவது கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். சாட்சி இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்பாயே, ஒரு மனுஷியைச் சாட்சி இல்லாமல் கொன்றுவிட்டாய்.

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன், முட்டி மடங்கவில்லை. அப்போது ஒன்று சொன்னேன், அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை, ஆகையால் பாதி சொன்னவன் நீ மட்டும் இல்லை. அன்றைக்குப் படியில் வந்து நின்றேன் என்றேனே, அங்கிருந்து நான் அவரைப் பார்த்தேன். புளியமரத்துக்கு அந்தப்பக்கம் குழாயடியில் குழந்தைக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அதைச் சொன்னதும் அவர் அழுவார், இல்லை சாபம் விடுவார் என்று நினைத்தேன். அவர், தெரியும், நானும்தான் உன்னப் பாத்தேன், செவப்புப் பட்ட போட்டுகினு படில நின்ன, என்னப் பாத்துட்டு உள்ள போன, அதனாலதான் நம்ம பேரு இன்னும் வரலனு குந்திகினே இருந்தேன், வந்திருந்தா இந்த மனுசன் கூப்ட்டிருப்பாரேன்னு நெனச்சேன் என்றார். ஏகா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வீடு போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த மனையில் இப்போது யாருடைய விடுதியோ இருக்கிறது, அது போனது போனதுதான். அவர் பேசியது வேறு. எக்ஸ்பார்ட்டி ஆனதும் கொழுந்தன்மார், இவள் தோப்புக்காரனிடம் கைநீட்டிவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் போகவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று குடும்பமும் தெருவுக்கு வந்ததற்கு இவர்தான் காரணம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் பேசி ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தேழு வருஷமாக நல்லதுக்கும் கெட்டதுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, திவ்யா கல்யாணத்துக்கு அப்பன் வழியில் ஒரு ஆள் வரவில்லை. வெல போனவளுன்னு சொல்லிட்டு ஒரு கொழுந்தன் கண்ண மூடிட்டான், இன்னொருத்தன் இழுத்துகினு கீறான், அவன் காதுல வுழணும், அதான் வேணும் எனக்கு என்றார். உன் புள்ள வந்து சொல்லணும், மைக்குல அவ்ளோ பேருக்குச் சொன்னவரு எங்க ஊருல நாலு பேருக்குச் சொல்லட்டுமே என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

உனக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, உன் பி.ஏ. எடுத்து, ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். எல்லாவற்றையும் அவரிடமா சொல்ல முடியும், அப்பா பேசினார், அஞ்சலாட்சி உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். நாலு நாள் கழித்துத் திரும்பச் செய்தேன், சகுந்தலா எடுத்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நீ சொல்லச் சொன்னதைச் சொன்னாள். பதவியில் இருக்கும்போது இதைக் கிளறினால் பேப்பரில் எழுதுவார்களாம், அந்த அம்மாவுக்கு ஏதாவது உதவி வேண்டுமென்றால் செய்யச் சொல்கிறாயாம். கைநீட்டினாள் என்ற பேரைத் துடைக்க வந்தவரிடம் இப்போது கைநீட்டச் சொல்கிறாய். இதை நீ யோசித்துத்தான் சொன்னாயா? பக்கத்து அறையில்தான் இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், உன் இருமல் கேட்டது. டெல்லிப் புகையில் இருமல் அதிகமாகியிருக்கிறது, மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடி, காலையில் நடக்கப் போவதைத் தை வரைக்கும் நிறுத்து.

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள். எண்பத்தெட்டில் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, உனக்குத் தெரியாது. உன் படிப்பும் உழைப்பும் பொய் இல்லை, எத்தனை பேருக்கு நீ நல்ல தீர்ப்பு எழுதியிருக்கிறாய் என்று பேப்பரில் வெட்டி ஒட்டிவைத்திருப்பவன் நான்தான். தெரிந்த பிறகு பாதியைச் சொன்னாய் பார், அதுதான் குற்றம், அது செப்டம்பர் மாதத்துக் குற்றம். அன்றைக்கு ஜட்ஜ் என்னைக் கேட்டபோது நானும் உள்ளதைச் சொல்லவில்லை, அதற்குப் பிறகு நான் பட்டதை உனக்குத் தெரியாமல் மறைத்ததால்தான் அது இவ்வளவு சுலபம் என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. நாற்காலி போய்விடுமோ என்று பயப்படுகிறாய். போகாது என்றுதான் நினைக்கிறேன், போனால் நாலு வருஷம் முன்னால் வீட்டுக்கு வந்தாய் என்று இருக்கட்டும், அம்சாவின் மாடி காலியாகத்தான் கிடக்கிறது.

இந்த மாதம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சதுரங்கப்பட்டினத்தில் அம்மன் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் போடுகிறார்கள், திவ்யா ஏற்பாடு செய்துவிட்டாள். படுத்திருக்கிற கொழுந்தனைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்களாம். நான் போகிறேன். திருக்கழுக்குன்றம் வழி கல்பாக்கம் பஸ்ஸில் போகிறேன் என்றேன், மாப்பிள்ளை விடவில்லை, வேனில் கூட்டிப்போகிறார். நீ வந்தால் உன் பங்கை நீயே உன் வாயால் சொல். வராவிட்டால் என் பங்கோடு உன் பங்கையும் சேர்த்து நானே சொல்வேன், யார் ஆபீஸில் யார் சேர்ந்தார் என்பது உட்பட, திவ்யா ஃபோனில் பிடிக்கப்போகிறாள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது மிரட்டல் இல்லை. மிரட்டல் என்று இன்னொரு மேடையில் சொல்லிவிடாதே.

சகுந்தலாவைச் சர்க்கரை மாத்திரையை விடாமல் போடச் சொல். ரோஹித்துக்கு என் ஆசீர்வாதம், அவன் சட்டம் படிக்க வேண்டும் என்று நீ கட்டாயப்படுத்தாதே. நீ நூறு வயது நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று இப்போதும் தினம் காலையில் உன் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறேன், கோபம் வேறு, அது வேறு. வரும்போது என் வில்லையை மறக்காமல் எடுத்து வா, அன்றைக்கு நான் அதைப் போட்டுக்கொண்டு அஞ்சலாட்சி பெயரைக் கூப்பிட வேண்டும், ஒரு தடவை பாக்கி இருக்கிறது.

உனக்கு இரண்டு தடவை ஃபோன் செய்தேன். இது மூன்றாவது. இந்தத் தடவை படியிறங்கி வந்துதான் கூப்பிடுகிறேன் ஏகாம்பரம், எனக்கு நீ அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

இப்படிக்கு,
உன் நைனா
வே. தர்மராஜ்
ஓய்வுபெற்ற டவாலி, செங்கல்பட்டு